ஒற்றைக் கொம்பு

ஆவணக் காப்பகத்திலிருந்து அச்சகத்துக்கு நடந்தால் கால் மணி நேரம். அன்றைக்குப் பட்டாசு அதை எட்டு நிமிடத்தில் நடந்தாள். பட்டாசு என்பது வீட்டில் வைத்த பேர். அவள் எழுதும் சரித்திர நாவல்களின் அட்டையில் வேறு பேர் இருக்கும். அவள் கோபம் படபடவென்று வெடித்து மறு நிமிடமே அடங்கிவிடுகிற ரகம். இன்றைக்கு வந்தது அடங்கவில்லை. அதில் பாதி அவள் மேலேயே.

விஷயம் இதுதான். ஒரு ராஜாவின் பழைய கோட்டையில் எழுதிவைத்த நாட்குறிப்புகளை எப்போதோ ஒரு பண்டிதர் தடித்த புத்தகமாகப் பதிப்பித்திருந்தார். அதில் ‘குற்றமும் ஒழுக்கமும்’ என்ற பகுதியில் ஒரு வரி: “கிணறு வெட்டுகிறவன் பெண்சாதி சபையிலே வந்து கெட்டாள். துரத்தப்பட்டாள்.” அடியில் பண்டிதரின் குறிப்பு: “நடத்தை கெட்டவள் போலும்.”

போலும்! அந்த ஒரு ‘போலும்’ போதுமாக இருந்தது பட்டாசுக்கு. இரண்டு வருடத்தில் இருபத்திரண்டு அத்தியாயம். அந்தப் பெண்ணுக்குத் தளபதியோடு கள்ள உறவு கொடுத்தாள், நந்தவனம் கொடுத்தாள், மூன்று பக்கத்துக்கு நிலா கொடுத்தாள். எல்லாம் கொடுத்தும் உயிர் மட்டும் வரவில்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள், சிரிக்கச் சொன்னவனைப் பார்த்துச் சிரித்தாள். துணிக்கடை பொம்மைகூட அவளைவிடத் தேவலை. போகட்டும், புத்தகத்தில் போட மூலப் பக்கத்தின் படமாவது இருக்கட்டும் என்றுதான் இன்றைக்குக் காப்பகத்துக்குப் போனாள்.

அச்சகம் அவள் அண்ணனுடையது. ‘கெட்டவள்’ என்று சிவப்பில் அச்சான அட்டையைக் கையில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலோரம் அண்ணி மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“இந்தப் புத்தகம் வராது” என்றாள் பட்டாசு.

“என்ன உளர்றே? நாளைக்கு மெஷின்ல ஏறுது.”

“அவ கெடலைண்ணா. கேட்டா.”

மூலப் பக்கத்தின் நகலை மேஜையில் விரித்தாள். அந்தக் காலக் கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. கெ, கே இரண்டுக்கும் ஒரே ஒற்றைக் கொம்புதான். கெட்டாள் என்றும் படிக்கலாம், கேட்டாள் என்றும் படிக்கலாம். படிக்கிறவன் மனசில் எது இருக்கிறதோ அதுதான் கண்ணில் விழும். இதையே பட்டாசு மேடை மேடையாகப் பேசியிருக்கிறாள். ஊருக்குத்தானே உபதேசம்!

“சபைக்கு வந்து யாராவது கெடுவாங்களா? கேக்கத்தான் வருவாங்க! ஒரு பொம்பளை வாயைத் திறந்து கேட்டிருப்பான்னு அந்தப் பெரிய மனுஷனுக்குத் தோணவே இல்லை. எனக்கும் தோணலையே! எனக்கு!” மேஜையில் ஓங்கித் தட்டினாள். டீ கிளாஸ் குதித்தது.

“ஒரு எழுத்துதானே? பழியைப் பண்டிதர் தலையில போடு. நீ எழுதறது கதை. கெட்டவளைப் படிக்க ஆயிரம் பேர் வருவான். கேட்டவளை எவன் படிப்பான்?”

அண்ணன் பொல்லாதவன் இல்லை. புத்தகம் விற்கிறவன், அவ்வளவுதான். ஆனால் அந்த நிமிடம் பட்டாசுக்கு அவனை அப்படியே அறையலாம் போல இருந்தது.

“அவளுக்குன்னு உலகத்துல மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு வரி. பேர்கூட இல்லை. ராஜா அவளைத் துரத்தத்தான் செஞ்சான். கெடுத்தது நான். இருபத்திரண்டு அத்தியாயம் உக்காந்து கெடுத்தேன்.”

“சரி தாயே, அப்படி என்னதான் கேட்டாளாம்?”

பட்டாசு அந்த வரியை மறுபடி படித்தாள். துரத்தியதை மறக்காமல் நாட்குறிப்பில் எழுதினவன், அவள் கேட்டது என்ன என்று எழுதவில்லை. எழுதும் அளவுக்கு அது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை.

அண்ணி எழுந்து வந்து நகலைத் தன் பக்கம் திருப்பினாள். திருத்தச் சொன்ன வரியோடு அவள் என்றைக்கும் நிறுத்தியதில்லை. மேலேயும் கீழேயும் படித்துவிடுவாள்.

“இதுக்கு மேல் வரியைப் பார்த்தியா?”

பட்டாசு பார்க்கவில்லை. கொம்பைப் பார்த்த கோபத்தில் வேறெதுவும் கண்ணில் படவில்லை. பண்டிதர் அந்த வரியைப் பிய்த்து, முந்நூறு பக்கம் தள்ளி, ‘கட்டிட வேலைகள்’ பகுதியில் போட்டுவிட்டிருந்தார். மூலத்தில் இரண்டும் ஒரே நாள், ஒன்றன் கீழ் ஒன்று. அண்ணி விரல் வைத்து மெதுவாக வாசித்தாள்.

“கோட்டைக் கிணறு சரிந்து ஏழு ஆள் உள்ளே. அன்றே மூடப்பட்டது.”

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“உள்ளேன்னுதான் போட்டிருக்கான். செத்தாங்கன்னு போடலை.”

அண்ணன் அட்டையைக் கவிழ்த்து வைத்தான். பட்டாசு மெய்ப்புத்தாள் ஒன்றை இழுத்து, வெற்றுப் பக்கத்தைத் திருப்பினாள். இரண்டு வருடமாகச் சொன்ன இடத்தில் நின்றவள் இப்போது யாரையும் கேட்காமல் சபைக்குள் நுழைந்தாள். காவலன் பிடித்த கையை உதறினாள். பட்டாசு எழுதினாள்:

“மூடும்போது உள்ளேயிருந்து சத்தம் வந்துச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”