விரிசலில் போட்ட துளை

யுகேந்திரனை எனக்குப் பிடிக்காது. அவனுக்கும் என்னைக் கண்டால் ஆகாது. பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலையில் அவன் பராமரிப்பு சூப்பர்வைசர். இயந்திரப் பாகங்களில் பழுது இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. அவன் முன்பு மாக் மண்டின் என்ற ஊரில் ஒரு பட்டறையில் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவன். என் குடும்பம் சிலோனிலிருந்து வந்தது. நான் வாயைத் திறந்தாலே, "சிலோன் மேடம் புத்தகத்தத் தொறந்துட்டாங்க லா" என்று ஆட்களைச் சிரிக்கவைப்பான்.

இந்தத் தடவை சண்டை ஏழாம் லைனில் இருந்த இயந்திரக் கையைப் பற்றியது. நிமிடத்துக்கு நாற்பது தடவை போய்த் திரும்பும் கை. அதை ஒரே பொருளில் செய்யவில்லை. உள்பக்கம் உலோகம், வெளிப்பக்கம் பீங்கான் மாதிரி கடினமானது. நடுவில் ஒன்று குறையக் குறைய மற்றது கூடிக்கொண்டே போகும். உள்பக்கத்தில் விரிசல் விழுந்திருந்தது. வாரம் தவறாமல் அதன் நுனியில் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். இரண்டு மாதத்தில் ஆறு மில்லிமீட்டர்.

"வெறும் ஆறு மில்லி லா மேடம். நத்தைகூட இதவிட வேகமாப் போவும். டிசம்பர்ல லைன் நிக்கறப்ப மாத்திக்கலாம்," என்றான்.

"இது வரைக்கும் உலோகத்துல போயிருக்கு, அதான் மெதுவா போவுது. கடினமான பக்கத்தத் தொட்டா ஒரே ஓட்டம்தான். அங்க நிக்கறது வடிவம்மாள் அக்கா, நீங்க இல்ல."

வடிவம்மாள் அக்கா அந்தக் கைக்குப் பக்கத்திலேயே, மெல்லிய பிளாஸ்டிக் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, தட்டுகளை அடுக்குபவர். அதைச் சொன்னதும் யுகேந்திரன் முறைத்துக்கொண்டே போய்விட்டான்.

மறுநாள் பத்து மணித் தேநீர் இடைவேளையில் கை நின்றிருந்தபோது லென்ஸோடு போனேன். என் பேனாக் கோட்டின் மேலேயே ஒரு துளை. விரிசலின் நுனியில் துளை போட்டு அதை நிறுத்துவது பட்டறைக்காரர்களின் வழக்கம். சாதாரண இரும்பில் அது பலிக்கும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் யுகேந்திரன் டிரில்லை வைத்திருக்கிறான். துளையின் மறு விளிம்பிலிருந்து, கடினமான பக்கத்தை நோக்கி, மயிரிழையாய் மூன்று புது விரிசல்கள் கிளம்பியிருந்தன.

புதுச் சேதத்தைப் பார்த்தால் யாரையும் கேட்காமல் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு லைனை நிறுத்தும் அதிகாரம் எனக்கு உண்டு. அட்டை என் பையில்தான் இருந்தது.

எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். மாட்டினான் என்று நினைத்தேன். அட்டையை மட்டும் மாட்டினால், ஒன்றும் ஆகவில்லையே என்று ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவான். வளைத்து வளைத்துப் படம் எடுத்துக்கொண்டு மேலே போனேன். மேலாளர் ஸுல்கிஃப்லிக்கும், கூடவே எல்லோருக்கும் போகிற மாதிரி, மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். அவனைப் பொறுப்பற்றவன் என்பதா, அறிவற்றவன் என்பதா? அதை யோசித்ததிலேயே இடைவேளை முடிந்து லைன் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. அனுப்பி முடித்த கையோடு கீழே சத்தம் கேட்டது.

இயந்திரக் கை ஒடிந்து, தடுப்பைப் பிய்த்துக்கொண்டு போய், அக்காவின் வலது முழங்கையை நொறுக்கியிருந்தது.

விசாரணையில் என் படங்கள் பேசின. யுகேந்திரனை வேலையை விட்டு நீக்கினார்கள். ஸுல்கிஃப்லி எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

அக்காவைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனபோது, வார்டு வாசலில் யுகேந்திரன் நின்றிருந்தான். உள்ளே போக அவனுக்குத் துணிவில்லை.

"பத்தே காலுக்குப் படம் புடிச்சிருக்கீங்க," என்றான். "பத்தே முக்காலுக்குத்தான் ஒடஞ்சிச்சு. அது வெறும் இரும்பு இல்லன்னு என் மண்டையில ஏறல, தப்புதான். ஒங்களுக்குத் தெரியும்லா? தெரிஞ்சுக்கிட்டே மேல போய் ஒக்காந்தீங்க."

அவனை முன்னைவிட அதிகமாக வெறுத்தேன். அவனை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அக்கா இடது கையால் என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மகளிடம் சொன்னார்: "இவங்கதான்டி துஷ்யந்தி மேடம். எனக்காக அந்தாளோட மல்லுக்கு நின்னது இவங்க ஒருத்தங்கதான்."

"பரவால்லக்கா," என்றேன்.