பதினோரு விநாடி

சுப்பையா செய்த முதல் தப்பு, அந்த வீடியோ கேசட்டைத் தனியாக ஒரு தடவை போட்டுப் பார்க்காததுதான். வேறு யாராக இருந்தாலும் பார்த்திருப்பான். சுப்பையாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. அவனே போட்ட சட்டம், போட்டுப் பத்தொன்பது வருடமாகிறது. 'கிரேவ் ஹார்பர்' குழுவின் ரெக்கார்டு வந்தாலும் சரி, கேசட் வந்தாலும் சரி, நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்துதான் முதல் தடவை போட வேண்டும். முடிந்ததும் ஒவ்வொருவனாகக் கருத்துச் சொல்ல வேண்டும். ஒருத்தன் பேசும்போது இன்னொருத்தன் குறுக்கே வரக் கூடாது. 'நல்லாருக்குலா' என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு எழுந்து போகக் கூடாது. எது நன்று, எது குப்பை, ஏன் என்று சொல்லியாக வேண்டும். பொய் கூடவே கூடாது. யார் வீட்டில் போட்டார்களோ அவன் கடைசியாகப் பேசுவான். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அவர்கள் இவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்ததில்லை.

நாலு பேர் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். சுப்பையா பாடகன், பகலில் பட்டர்வொர்த் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. நாகநாதன் கித்தார் வாசிப்பவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், தாத்தா காலத்திலிருந்து எல்லாரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே சம்பாதித்தவர்கள், இவன் காப்புறுதிக் கம்பெனியில் மேனேஜர். அர்ஜுனன் டிரம்ஸ், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் டெக்னீஷியன். மீரா சாகிப் பேஸ் கித்தார், சூலியா ஸ்ட்ரீட்டில் எழுதுபொருள் கடை. எழுபதுகளில் பினாங்கில் இந்த நாலு பேரும் 'பிளாக் ஜெட்டி' என்று பெயர் வைத்துக்கொண்டு, தலைமுடியைத் தோளுக்கு வளர்த்துக்கொண்டு, கிரேவ் ஹார்பரின் ஹெவி மெட்டல் பாட்டுகளை அப்படியே மேடையில் பாடித் தீர்த்தவர்கள். சொந்தமாக ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. அதைப் பற்றி வெட்கமும் கிடையாது.

அந்த வெள்ளைக்காரக் குழுவின் பாடகன் பெயர் விக் ஹோல்டன். கடைசிப் பாட்டின் முடிவில் அவன் ஓர் அலறல் அலறுவான். பதினோரு விநாடி. இடையில் மூச்சு விடாமல், உச்சியிலேயே நிறுத்திவைத்து அலறுவான். பினாங்கில் அதை அப்படியே செய்யக்கூடியவன் ஒருத்தன்தான் இருந்தான். சுப்பையா அந்தப் பதினோரு விநாடியை எடுப்பதைக் கேட்க சிம்பாங் அம்பாட்டிலிருந்து பஸ் பிடித்து, ஃபெர்ரி ஏறி வந்தவர்கள் உண்டு. தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுத்தவன்கூட மறுநாள் வந்து, நேற்று எனக்கு அருள் வந்தது, இன்றைக்கு உனக்கு வந்ததுடா என்று சொல்லியிருக்கிறான். வாழ்க்கையில் வேறு எதற்கும் சுப்பையாவை யாரும் பாராட்டியதில்லை. கிடங்கில் இருபது வருடமாகக் குனிந்தே எழுதிக்கொண்டிருப்பவனை எவன் பாராட்டுவான்?

எழுபத்தாறில் குழு கலைந்தது. கல்யாணம், பிள்ளை, வேலை, எல்லாருக்கும் நடப்பதுதான். பதினாறு வருடம் கழித்து எவனோ ஒரு புண்ணியவான், பழைய குழுக்களை எல்லாம் மேடையேற்றலாம் என்று டவுன் ஹாலை எடுத்து, பிளாக் ஜெட்டியையும் கூப்பிட்டான். சுப்பையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பத்து நாலு வயதில் மறுபடி விடியற்காலையில் எழுந்து தொண்டையைப் பழக்கினான். கிணற்றில் விழுந்த பூனை மாதிரி எதற்கு இந்தக் கூத்து என்று தனலெட்சுமி கேட்டாள். பெண்டாட்டிக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டான். அவளுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறது, பாவம்.

முதல் ஒத்திகையில் ஆறாவது விநாடியில் குரல் கிழிந்தது. கோழியைக் கழுத்தில் பிடித்தால் வருமே, அந்தச் சத்தம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனும் சேர்ந்து சிரித்திருப்பான். நாகநாதன் தலைகுனிந்து கித்தார் கம்பியை முறுக்க ஆரம்பித்துவிட்டான், சுருதி சரியாக இருந்த கம்பியை. பிறகு மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீ குடிக்கும்போது, யாருக்கோ சொல்வது போல, பத்து ஃபெரிங்கிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் மீனாட்சி என்று ஒரு பெண் பாடுகிறாள், எவ்வளவு உச்சிக்கும் அனாயாசமாகப் போகிறாள் என்றான். சுப்பையா காதில் விழாத மாதிரி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம்தான் இங்கிலாந்திலிருந்து கேசட் வந்தது. கிரேவ் ஹார்பரின் இருபதாவது ஆண்டுக் கச்சேரி, போன வருடம் ஜெர்மனியில் ஒரு ஸ்டேடியத்தில் எடுத்த வீடியோ. விக் ஹோல்டனுக்கு வயது ஐம்பது. சுப்பையா மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தான். ஐம்பது வயதுக்காரன் ஸ்டேடியத்தில் நிற்கிறான் என்றால் நாற்பத்து நாலு வயதுக்காரன் டவுன் ஹாலில் நிற்கக் கூடாதா? இதைவிட நல்ல வக்கீல் கிடைக்குமா? மூன்று பேரையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆயர் ஈத்தாமில் இருந்த தன் ஃப்ளாட்டுக்கு வரச் சொன்னான். உறையைக்கூடப் பிரிக்காமல் டிவி மேலேயே வைத்திருந்தான். சட்டம் என்றால் சட்டம்.

படம் ஓடியது. விக் ஹோல்டன் வந்தான். தோல் ஜாக்கெட்டின் பொத்தானைப் போட முடியாதபடி தொந்தி தள்ளியிருந்தது. முடி முன்பக்கம் இல்லை, பின்பக்கம் மட்டும் பழைய நீளத்துக்குத் தொங்கியது. பாட்டு எல்லாவற்றையும் சுருதி ஒரு படி இறக்கிப் பாடினார்கள். இறக்கியும் எட்டவில்லை. உச்சியான இடம் வந்தால் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டான். கூட்டம் பாடியது. ஒரு பாட்டுக்கு நடுவில் டிரம்ஸ் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினான். சுப்பையா நம்பிய வக்கீல் எதிர்க்கட்சிக்காகப் பேசிக்கொண்டிருந்தான்.

கடைசிப் பாட்டு வந்தது. அதன் முடிவும் வந்தது. விக் ஹோல்டன் தலையைப் பின்னால் சாய்த்தான்; அலறல் எழுந்தது. பழைய ரெக்கார்டில் கேட்ட அதே அலறல், ஒரு நூல் குறையாமல், பதினோரு விநாடி. அர்ஜுனன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். மீரா சாகிப்பின் கண் கலங்கியது. சுப்பையா மட்டும் அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அலறலை ஆயிரம் தடவை தொண்டையில் சுமந்தவன் அவன். மற்றவர்கள் காதால் கேட்டார்கள், இவன் கழுத்தைப் பார்த்தான்.

கருத்துச் சுற்று ஆரம்பித்தது. அர்ஜுனனுக்கு டிரம்ஸ் பிடித்திருந்தது, வேகம் போதவில்லை. பாதிப் பாட்டைக் கூட்டத்தின் தலையில் கட்டிவிட்டதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. டிக்கெட் வாங்கினவன் பாடுகிறான், காசு வாங்கினவன் நின்று கேட்கிறான் என்றான். ஆனாலும் அந்தக் கடைசி அலறலுக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட்டதாகச் சொன்னான். மீரா சாகிப் தொந்தியைப் பார்க்கவில்லை, வழுக்கையைப் பார்க்கவில்லை. இறைவன் சிலருக்குக் கொடுத்தால் திருப்பி வாங்குவதில்லை, அந்தப் பதினோரு விநாடி அதற்குச் சாட்சி என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நாகநாதன் தொண்டையைக் கனைத்தான். சொல்ல வேண்டியதை வரும் வழியிலேயே தயார் செய்துகொண்டு வந்தவன் போல நிதானமாகப் பேசினான்.

"மத்ததெல்லாம் போச்சு. நடக்கறதப் பாத்தா கோயில் வாசல்ல செருப்பத் தேடற ஆளு மாதிரி இருக்கு. ஆனா அந்த ஒண்ணு இருக்கு அவன்கிட்ட. அது இருக்கறவன் எந்த வயசுலயும் மேடையில நிக்கலாம். அது இல்லாதவன் நிக்கக் கூடாது. எந்த வயசா இருந்தாலும் சரி."

டிவியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். விக் ஹோல்டனைப் பற்றித்தான் சொன்னான். ஆனால் யாரைப் பற்றிச் சொன்னான் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். முகத்துக்கு நேரே சொன்னால் பாவம், வெள்ளைக்காரன் தலையில் வைத்துச் சொன்னால் விமர்சனம். அர்ஜுனன் கறிபாஃப் பலகாரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது சுப்பையாவின் முறை. அவனுக்கு ஒன்று தெரியும், மற்ற மூன்று பேருக்கும் தெரியாது. சொல்லாமல் விட்டால் விக் ஹோல்டனின் மானம் பிழைக்கும், இவன் மானம் போகும். சொன்னால் இருபது வருடமாகச் சாமிபடம் போலச் சுவரில் மாட்டிவைத்திருந்தவனைத் தானே இழுத்துக் கீழே போட வேண்டும். பொய் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டவனும் அவன்தான். சட்டத்துக்காகத்தான் சொன்னேன் என்று பின்னால் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சட்டம் கொஞ்சம், வயிற்றெரிச்சல் நிறைய. அதுதான் உண்மை.

எழுந்து போய் டேப்பைப் பின்னுக்கு ஓட்டினான். மறுபடி அலறல் வந்தது. திரையின் மேல் விரலை வைத்தான். ஏழாவது விநாடியில் விக் ஹோல்டனின் தொண்டை முடிச்சு ஏறி இறங்கியது, எச்சிலை விழுங்கினான். சத்தம் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாவது விநாடியில் கித்தார்காரனைப் பார்த்துச் சிரித்தான். அப்போதும் சத்தம் போய்க்கொண்டிருந்தது.

"வாய் மூடிருச்சு. சத்தம் மூடல," என்றான் சுப்பையா. "பழைய ரெக்கார்டுலருந்து எடுத்து ஒட்டியிருக்கானுங்க."

மூன்றாவது தடவையும் போட்டுக் காட்டினான். அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. மீரா சாகிப்பின் முகம் செத்துப்போயிருந்தது.

"இத ஏண்டா காட்டுன?" என்று கேட்டான். "நான் நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன்ல."

சுப்பையா அவனைக் கவனிக்கவில்லை. நாகநாதனைத்தான் பார்த்தான். அவனாலேயே முடியவில்லை, என்னை மட்டும் ஏன் தராசில் நிறுத்துகிறீர்கள் என்று வாய்விட்டே கேட்டான். கேட்டதும் நெஞ்சு லேசானது. வழக்கு ஜெயித்துவிட்டதாகவே நினைத்தான், முட்டாள்.

நாகநாதன், ஒரு பாலிசியை விளக்குகிற குரலில் சொன்னான்.

"அவனுக்கு முடியல, சரிதான். ஆனா அம்பதாயிரம் பேருக்குத் தெரியல. நமக்கே தெரியலயே, நீ காட்டற வரைக்கும். நீயே முன்னால நில்லுலா, உன் மொகத்துக்குத்தான் ஜனம் வருது. அந்த எடத்துல மட்டும் உன் மைக்க அடைச்சிருவோம். மீனாட்சி ஸ்பீக்கருக்குப் பின்னால நின்னு பாடட்டும்."

அர்ஜுனன் நல்ல யோசனை என்று உடனே சொன்னான். கேசட் ஓடி முடிந்து திரையில் வெறும் புள்ளிகள் பொரிந்துகொண்டிருந்தன. வெளியே போங்கடா என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது என்று சுப்பையா பின்னால் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டான். ஆனால் சொல்லவில்லை. வெளியே போங்கடா என்றால் அவர்கள் போய்விடுவார்கள். போனால் டவுன் ஹால் போகும், மேடை போகும், மீதி இருப்பது கிடங்கு மட்டும்தான்.

"வெளிய யாருக்கும் தெரியாதுல்ல?" என்றுதான் கேட்டான்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு மாலை நாலு மணிக்கு டவுன் ஹால் நிறைந்திருந்தது. வழுக்கைத் தலைகளும் பெண்டாட்டி பிள்ளைகளுமாகப் பழைய ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மீனாட்சி மரியாதையான பெண். ஒத்திகைக்கு வந்தபோது அவன் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு, மன்னிச்சிக்கங்கண்ணே என்று சொல்லிவிட்டே பாடினாள். எந்தக் கஷ்டமும் இல்லாமல் பதினோரு விநாடி நின்றாள். அவளைத் திட்டக்கூட சுப்பையாவுக்கு மனம் வரவில்லை. இப்போது அவள் ஸ்பீக்கர்ப் பெட்டிகளுக்குப் பின்னால், கறுப்புத் துணிக்கு அந்தப் பக்கம், அவனுக்கு நாலு அடி தள்ளி நின்றாள்.

மற்ற பாட்டுகளை எல்லாம் எப்படியோ ஒப்பேற்றினான். கடைசிப் பாட்டின் முடிவு வந்தது. மைக் மேசையில் இருந்தவன் கையைத் தூக்கிக் காட்டினான். அடைத்தாயிற்று என்று அர்த்தம். வாயை மட்டும் திறந்தால் போதும். சுப்பையா தலையைப் பின்னால் சாய்த்தான், வாயைத் திறந்தான்.

அவன் திட்டம் எதுவும் போடவில்லை. உடம்பு கேட்கவில்லை, அவ்வளவுதான். அடிவயிற்றிலிருந்து அது தானாக எழும்பி வந்தது. ஆறாவது விநாடியைத் தாண்டியது. எங்கே கிழியுமோ அங்கே கிழியவில்லை. மண்டை ஓடு அதிர்வது அவனுக்குத் தெரிந்தது, பற்கள் அதிர்வது தெரிந்தது. எட்டு, ஒன்பது, பத்து. வந்துவிட்டது என்று நினைத்தான். அர்ஜுனனின் டிரம்ஸும் நாகநாதனின் கித்தாரும் ஸ்பீக்கரில் மீனாட்சியின் குரலும் சேர்ந்து இடிக்கிற இடியில் தன் குரல் அவன் காதுக்கே எட்டவில்லை. நெஞ்சுக்கூட்டில் மட்டும் இருந்தது. பதினொன்று. கூட்டம் எழுந்து நின்று கைதட்டி மண்டபத்தை இரண்டாக்கியது.

நாகநாதன் ஓடிவந்து கட்டிக்கொண்டு, ஒருத்தனும் கண்டுபிடிக்கல என்று காதில் சொன்னான். மீரா சாகிப் கிட்டேயே வரவில்லை, கித்தாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டான். மேடைக்குக் கீழே ஆட்கள் சூழ்ந்துகொண்டு கருத்துச் சொன்னார்கள். முதல் பாட்டில் தடுமாற்றம் என்றார்கள், நடுவில் மூச்சு வாங்கிவிட்டது என்றார்கள். அந்த அலறலில் மட்டும் யாருக்கும் குறை இல்லை. எழுபத்துநாலில் கேட்ட அதே குரல் என்று ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சுப்பையா கையை விடுவித்துக்கொண்டு துணிக்குப் பின்னால் போனான். தொண்டை எரிந்தது. மீனாட்சி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அலறியபோது அவளைத் தவிர அவன் பக்கத்தில் வேறு யாரும் நிற்கவில்லை. அவன் குரல் யார் காதிலாவது விழுந்திருந்தால் அவள் காதில்தான் விழுந்திருக்க வேண்டும்.

"நீ பாடறப்ப அந்தப் பக்கத்துலருந்து வேற ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சாம்மா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"இல்லண்ணே. என் சத்தமே எனக்குக் கேக்கல," என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, நீங்களும் பாடுனீங்களா?" என்று கேட்டாள்.

துணிக்கு அந்தப் பக்கம் இன்னும் அவன் பெயரைச் சொல்லிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சே, இல்லம்மா," என்றான் சுப்பையா. "சும்மா வாயத்தான் தொறந்தேன்."