கரையேறும் பலகை

மேல் ஏரிக்கும் கீழ் ஏரிக்கும் நடுவே ஓடுகிற ஆற்றில் பழைய மாவு மில்லின் தடுப்பணை குறுக்கே நிற்கிறது. கோடையில் கஷூபியா என்ற இந்த ஏரிப் பகுதிக்குப் படகு விட வருகிறவர்கள் அதற்கு முன்னாலேயே கரையேறி, படகைத் தோளில் சுமந்து, அணையைச் சுற்றிப் போய் மறுபடி இறங்க வேண்டும். எங்கே ஏறுவது என்று சொல்ல, பூங்கா அலுவலகம் நட்ட ஒரு மஞ்சள் பலகை உண்டு. வளைந்த ஆல்டர் மரத்தடியில் அது நின்றது, ஏப்ரல் மாதம் வரைக்கும்.

அங்கே ஏறுகிறவர்கள் காட்டுக்குப் பின்புறமாகவே போய்விடுவார்கள். கிஸேலாவின் புகை மீன் கடை அவர்கள் கண்ணில் படாது. மீனோ தங்க நிறத்தில் தொங்கிக் கொண்டிருக்கும், வாங்கத்தான் ஆள் இருக்காது. ஆசை யாரை விட்டது? ஒரு விடியற்காலையில் கிஸேலா பலகையைப் பிடுங்கி, ஆற்றின் போக்கில் எண்பது அடி கீழே, அணைக்குப் பக்கத்தில், தன் கடை வாசலில் நட்டுவிட்டாள். மே போனது, ஜூன் போனது, ஒன்றும் நடக்கவில்லை. மீன் மட்டும் மதியத்துக்குள் தீர்ந்தது.

ஜூலையில் மலைமேட்டில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில் பலகையின் காலைத் தண்ணீர் தொட்டுக்கொண்டு ஓடியது. இழுப்பைப் பார்த்ததுமே கிஸேலாவுக்குப் புரிந்தது, இங்கே கரையேற வருகிற படகை ஆறு அணைக்கு இழுத்துவிடும். பழைய இடத்துக்கே மாற்றிவிட வேண்டும்தான். அடுப்பில் மீன் பாதியில் இருக்கிறதே, மதியத்துக்கு மேல் பார்க்கலாம் என்று விட்டாள்.

பதினோரு மணிக்கு ஸெனோனும் தியோதோராவும் வந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாகத் தங்கள் கல்யாண நாளுக்கு இதே ஆற்றில் வருகிற வயதான தம்பதி. பலகையைக் கண்டு ஸெனோன் படகைக் கரைக்குத் திருப்பினார். படகு திரும்பவில்லை. பக்கவாட்டில் போய் அணையில் மோதிக் கவிழ்ந்தது.

மீன் மாட்டும் நீளக் கம்போடு கிஸேலா ஓடினாள். ஓடும்போதே, இவர்கள் செத்தால் நான் கொலைகாரி என்று நினைத்துக்கொண்டே ஓடினாள். ஸெனோன் கம்பைப் பிடித்தார். தியோதோரா அவர் சட்டையைப் பிடித்திருந்தாள். இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள். ஸெனோனுக்கு நெற்றியில் வெட்டு, அவ்வளவுதான்.

போர்வை சுற்றி இருவரையும் அடுப்பருகே உட்கார வைத்தாள். ஸெனோன் அவள் கையை எடுத்து, அந்தக் காலத்து ஆண்கள் செய்வதுபோல் முத்தமிட்டார். மீன் நாற்றமடிக்கிற கை. கிஸேலாவுக்கு அதை இழுத்துக்கொள்ளத் தோன்றியது.

"நீ இல்லன்னா இன்னிக்கு எங்க கதை முடிஞ்சிருக்கும்மா."

"ஐயோ, அதெல்லாம் வேணாம் ஐயா."

"இவ ஆல்டர் கிட்டயே எறங்கு எறங்குன்னு கத்தினா. போர்டு இன்னும் வரல, சும்மா இருடின்னேன்."

தியோதோரா சிரிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சொன்னதுதான் சரி, ஸெனோன். போர்டு இங்கதான இருக்கு."

"விடு தோரா. யாருக்கும் மறக்கறதுதான்."

"பால அடுப்புல வெச்சு மறந்தேன். பரவால்ல. பேத்தி பேர மறந்தேன். டாக்டர் டெஸ்ட் எடுக்கச் சொல்றார், நான்தான் பயந்துட்டுப் போகல." அவள் குரல் உடைந்தது. "ஆனா ஆல்டர் மரத்தடியில அந்த போர்டு என் கண்ணுலயே நிக்குது. இல்லாதது கண்ணுல நிக்குதுன்னா... மகன் சொல்ற மாதிரி வீட்ட வித்துட்டு முதியோர் ஹோமுக்கே போயிடலாம். திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுடறேன்."

ஸெனோன் குனிந்து அழுதார்.

பலகையைப் பிடுங்கியதை யாரும் பார்க்கவில்லை. வாயைத் திறந்தால் கடை போய்விடும், ஊர் காறித் துப்பும். கிஸேலா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். இன்னொன்றையும் தள்ளினாள். பிறகு எழுந்தாள்.

"தோராம்மா, என்கூட வாங்க. நடக்க முடியுமா?"

ஆல்டர் மரத்தடியில் புல்லைக் காலால் விலக்கினாள். மழைத் தண்ணீர் நிரம்பிய சதுரக் குழி.

"உங்களுக்கு ஒண்ணும் மறக்கல. போர்டு இங்கதான் இருந்துச்சு. நான்தான் பிடுங்கி அங்க நட்டேன்."

தியோதோரா மண்டியிட்டாள். கையை முழங்கை வரை குழிக்குள் விட்டுத் துழாவி, பலகைக் காலின் உளுத்துப்போன துண்டொன்றை எடுத்தாள். மஞ்சள் வண்ணம் இன்னும் ஒட்டியிருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு விம்மினாள்.

பின்னாலேயே வந்துவிட்ட ஸெனோனின் முகம் கறுத்தது. "எதுக்கும்மா?"

"மீன் விக்க."

"உன் கையப் போயி முத்தம் கொடுத்தேனே! பூங்கா ஆபீஸுக்கு இப்பவே போன் போடறேன்."

"போடுங்க ஐயா. போடத்தான் வேணும்."

தியோதோரா கண்ணைத் துடைத்தாள். "போன் அப்புறம். இன்னொரு படகு வந்துடப் போகுது. மொதல்ல அதப் பிடுங்கிட்டு வா."

கிஸேலா பலகையைத் தோளில் சுமந்து வந்து குழியில் இறக்கினாள். மண்ணைத் தள்ளி மிதித்தாள். கிழவி போர்வையோடு நின்று ஒவ்வொரு மிதியையும் பார்த்தாள்.

"நேரா நடாத. கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சிருக்கும்."

கிஸேலா நிமிர்ந்தாள். ஆமாம், அப்படித்தான் சாய்ந்திருந்தது. பிடுங்கிய அவளுக்கே அது நினைவில் இல்லை.