வலி இருக்கு, எனக்கில்ல

அண்ணனை அடிக்க வேண்டும் என்று சின்ன வயதில் எனக்குத் தோன்றாத நாளில்லை. அது வேறு. இப்போது, தலை நரைத்த பிறகு, ஆஸ்பத்திரி அறையில் வைத்து, பக்கத்திலிருந்த தண்ணீர் ஜக்கால் ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

அம்மாவுக்குப் புற்றுநோய் எலும்புக்குள் போய்விட்டது. இனிக் குணமாக்க வழியில்லை, வலியை மட்டும் அடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு மார்ஃபின் இருக்கிறது. ஆனால் அந்த வார்டில் ஒரு வழக்கம். நினைவோடு இருக்கும் நோயாளியிடம் நர்ஸ் நேராகக் கேட்பார்: வலி எவ்வளவு, பத்துக்குச் சொல்லுங்கள். அந்த வாய் சொல்வதை வைத்துத்தான் மருந்து. கூட இருப்பவர்கள் கத்தினாலும் கதறினாலும் கணக்கில் வராது. நல்ல வழக்கம்தான், என் அண்ணன் மாதிரி ஒரு பிள்ளை இல்லாத வீடுகளுக்கு.

நர்ஸ் கேட்டார். அம்மா சொன்னாள்: "வலி இருக்கும்மா. ஆனா எனக்கில்ல."

"அப்போ மருந்து வேண்டாமா?"

"வேண்டாம்."

நர்ஸ் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் அம்மா கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். சத்தம் மட்டும் வரவில்லை. அண்ணன் நாற்காலியில் சம்மணமிட்டபடி, "அப்படித்தாம்மா, பாத்துக்கிட்டே இரு" என்றான். கிரிக்கெட் பார்க்கச் சொல்வது போல.

அண்ணன் யோகத் தத்துவ வகுப்பு நடத்துகிறவன். மாடியில் ஒரு ஹால், ஒரு வெள்ளைப் பலகை, சுற்றிலும் பாய்கள். வகுப்புக்கு ஒரு சமஸ்கிருதச் சொல்லை எடுத்து, வேரைப் பிடுங்கி, பலகையில் காயப் போடுவான். கேட்கிறவர்கள் கண்ணை மூடி உருகுவார்கள். 'ஆச்சார்யா' என்று வேறு கூப்பிடுவார்கள். பந்தம் கூடாது என்று பல வருஷம் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காதவன், அம்மா படுத்ததும் வந்துவிட்டான். பார்க்கிறவள் வேறு, பார்க்கப்படுவது வேறு. வலி உனக்குத் தெரிகிறது என்றால் நீ அந்த வலி இல்லை. இதைத் தினமும் உட்கார்ந்து அவளுக்குப் பாடம் எடுத்தான். தெளிந்த நினைவோடு போனால் விடுதலையாம், மயங்கிப் போனால் வீணாம்.

அம்மா டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தவள். எதிர்முனையில் யார் திட்டினாலும் "சரிங்க" என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவள். இதையும் மனப்பாடம் செய்துவிட்டாள்.

நான் அவனைச் சட்டையைப் பிடிக்காத குறையாக வராந்தாவுக்கு இழுத்துப் போனேன்.

"மருந்தைத் தடுக்கிறது நீதான்."

"நான் தடுக்கல. அவங்களே வேண்டாங்கிறாங்க. உனக்குப் புரியாது. துக்கம்ங்கிறது என்ன? 'துஸ்'னா கெட்டது, 'க'ங்கிறது துளை. சக்கரத்துல அச்சு மாட்டுற துளை கோணலா இருந்தா வண்டி குலுங்கும். கோளாறு பாதையில இல்ல..."

"எனக்கே பாடமா? நானும் மூணு வருஷம் அதைத்தான் படிச்சேன்." பொய்யில்லை. கல்லூரியில் வேறு எந்தப் பிரிவிலும் இடம் கிடைக்காமல் சமஸ்கிருதம் படித்தேன், பிறகு இன்ஷூரன்ஸ் ஆபீசில் சேர்ந்தேன். "அச்சு கோணல்னா வண்டியை நிறுத்திச் சரி பண்ணணும், முடியலன்னா மசகாவது போடணும். வண்டிக்கு உபதேசம் பண்ணக் கூடாது."

"மோட்சம், 'முச்'சுங்கிற வேர். விடறது. அவங்க உடம்பை விடறதுக்குத் தயாராகுறாங்க. நீ கயித்தைப் பிடிச்சு இழுக்கிற."

"யாரு, நானா? அவங்களை வலிக்குதுன்னு சொல்லக்கூட விடாம கட்டிப் போட்டிருக்கிறது நீ. வேதனைக்கு வேர் என்ன, சொல்லு பார்ப்போம்."

அவன் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன்.

"'வித்'. அறியறது. வேதத்துக்கும் அதே வேர்தான். அந்த வேதனையை அறியிறவ உள்ள படுத்திருக்கா. நீ அறியல, நானும் அறியல. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்."

"கோபத்துல பேசுற" என்றான், அந்தப் பாழாய்ப்போன புன்னகையோடு. கோபம்தான். பின்னே கொஞ்சுவார்களா?

அவனை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்தேன். அம்மாவின் முகம் வியர்த்திருந்தது. துடைத்துவிட்டு, காதருகில் குனிந்து கேட்டேன். "உண்மையைச் சொல்லும்மா. வலிக்குதா?"

"மெதுவாப் பேசுடி. அவன் காதுல விழும்."

"விழட்டுமே."

"போன வாரம் தாங்க முடியாம முனகிட்டேன். இவ்வளவு சொல்லியும் இப்படியான்னு முகத்தைத் தூக்கிட்டுப் போனவன், ரெண்டு நாள் வரல." மூச்சு வாங்கினாள். "எத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கான். அவன் சொல்ற மாதிரி சொன்னா பக்கத்துல உக்காந்திருக்கான்டி. வலிச்சா வலிச்சுட்டுப் போகுது."

"நான் தினமும் வரேனேம்மா."

"நீ எப்படியும் வருவ" என்றாள்.

பளாரென்று அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். துடைத்த துணியை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். நிமிர்ந்தபோது அண்ணன் கதவருகே நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அது எனக்குத் திருப்தியாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. அவன் முகத்தில் ஆச்சார்யா இல்லை. திட்டு வாங்கப் போகிற பையனைப் போலச் சுவரோடு ஒட்டி நின்றான்.

"சிஸ்டரைக் கூப்பிட்டுட்டு வா" என்றேன். போனான்.

நர்ஸ் வந்து முன்பு போலவே கேட்டார். அம்மா அவரைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தாள். அவன் கட்டிலருகே வந்து அவள் காலைத் தொட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஒரு வேரும் வரவில்லை.

"சொல்லும்மா" என்றான்.

"நீ போயிட மாட்டியே?"

"மாட்டேம்மா."

"வலிக்குதுடா."

"பத்துக்கு எவ்வளவும்மா?" என்றார் நர்ஸ்.

அம்மா இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயே சொல்லேன்டா. எவ்வளவு சொல்லட்டும்?"

அவன் உடைந்து அழுதான். அழுகைக்கு நடுவே "பத்தும்மா" என்றான்.

"பத்து" என்றாள் அம்மா, 'எனக்கில்ல' என்று ஒப்பித்த அதே குரலில். "பத்துன்னே எழுதிக்கோங்க."

நர்ஸ் மருந்தெடுக்க ஓடினார். நான் அவனைத் தேற்றப் போகவில்லை. ஒரு மாதமாக நான் கெஞ்சிக் கேட்டும் நர்ஸிடம் சொல்லாததை, அவன் கேட்டதும் சொல்லிவிட்டாள்.