நாய்க்குக் கொடுத்த எண்ணெய்

செல்லாயி நாயின் காதைப் புரட்டிப் பிடித்து, உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிய தேங்காயெண்ணெயை மடிப்புக்குள் தடவிக்கொண்டிருந்தாள். ஜிம்மி அவள் முழங்காலில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக் கிடந்தது. முன்பெல்லாம் இந்த இடத்தில் விரல் பட்டாலே பொடுகு உதிரும், நாய் பின்னங்காலைத் தூக்கி இரத்தம் வருமளவுக்குச் சொறியும். இப்போது முடியை விலக்கிப் பார்த்தால் பச்சைப்பிள்ளையின் தோல் மாதிரி இருந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

தாங்காதுதானே. மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்ததிலிருந்து, தோட்டக் கூலிகள் குடியிருக்கிற லயத்தில் சொறி பிடிக்காத பிள்ளை கிடையாது. சவுக்காரம் இல்லை, எண்ணெய் இல்லை, அரிசி என்ற ஒன்றையே மறந்தாயிற்று. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். இத்தனைக்கும் நடுவில் எண்ணெய் வைத்துக்கொள்ளும் பாக்கியம் பெற்ற ஒரே உயிர் இந்த வெள்ளை நாய். தப்பி ஓடிய வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப் போனது. பங்களாவுக்குக் குடிவந்த ஜப்பான் அதிகாரிக்கு வீட்டில் மற்ற எதையும்விட நாயைப் பிடித்துப்போனது. அதற்காக ஈப்போவிலிருந்து ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் வரவழைத்தான். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற நவமணி கிராணி தினமும் அந்தப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், எவளாவது தலையில் தடவிக்கொண்டாளா என்று.

அந்த நாயால்தான் செல்லாயியின் மகன் உடையப்பன் இன்னும் தோட்டத்தில் இருந்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற லோரி ஏற்கெனவே இரண்டு தடவை வந்துபோய்விட்டது. உடையப்பன் வயதுப் பையன்கள் எல்லாரும் ஏறிப் போனார்கள். பக்கத்து வீட்டு வீரம்மாவின் மகன் சீனியும் போனான். போனவர்களில் ஒருவனைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை. அப்பனும் மகனும் பங்களா நாயைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதால் உடையப்பன் மட்டும் தப்பினான்.

பத்துமலை, அவள் புருஷன், காலில் மண்வெட்டி பட்ட புண்ணோடு படுத்தபிறகுதான் நாய் அவள் கைக்கு வந்தது. முதல்நாள் போனபோது உடையப்பன் கொட்டிலுக்குப் பின்னாலிருந்த ஒரு தகரத்தில் கலங்கலான தண்ணீரை மொண்டு நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். தொட்டுப் பார்த்தாள். அடுப்புச் சாம்பல் கரைத்த தண்ணீர். சட்டி விளக்குகிற தண்ணீரில் வாயில்லா ஜீவனைக் குளிப்பாட்டுகிறாயே, உனக்கு அறிவிருக்கிறதா என்று அவனை ஏசினாள். அப்பாதான் தினமும் இதில் குளிப்பாட்டச் சொன்னார் என்றான். உங்கப்பனுக்கு ரப்பர் மரத்தைச் சீவத் தெரியும், தோலைப் பற்றி என்ன தெரியும் என்று தகரத்தை வாய்க்காலில் கவிழ்த்தாள். அவனைக் கிழங்குக் காட்டுக்கு விரட்டிவிட்டு நாயைத் தானே எடுத்துக்கொண்டாள்.

தினமும் குளிப்பாட்டுவதை நிறுத்தினாள். வேப்பிலை போட்டுக் காய்ச்சி நன்றாக ஆறிய தண்ணீரால் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுப்பாள். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, முடி படுத்திருக்கும் பக்கமாகவே தடவுவாள். அது நக்கிவிடாமல் தோலில் ஊறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். படுக்கைச் சாக்கை உதறி வெயிலில் போடுவாள். கையில் மிச்சமாகிற பிசுக்கை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்துமலையின் வெடித்த பாதத்தில் தேய்ப்பாள். புண்ணுக்கு அது போதாது. புண் முழங்காலுக்கு ஏறிக்கொண்டே இருந்தது.

அன்று காலை நாயை விட்டுவிட்டு அவள் லயத்துக்கு வந்தபோது பத்துமலைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பல நாளுக்குப் பிறகு கண் தெளிந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கிழங்குக் கஞ்சியை ஊட்டினாள். இரண்டு மடக்கு குடித்தான்.

"நாய் சொறியுதா புள்ள?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல அவள் ஆரம்பித்தாள். சொறியாவது, ஒரு பொடுகு கிடையாது, முடியெல்லாம் மினுமினு என்று இருக்கிறது, இன்றைக்கு மத்தியானம் அதிகாரி ஈப்போவிலிருந்து வருகிறானாம், பார்த்தால் அசந்துபோவான் என்றாள். நீங்களும் அந்தச் சாம்பல் தண்ணீருமாக ஒரு நாயைக் கொல்லப் பார்த்தீர்களே என்று கேலியும் செய்தாள்.

பத்துமலை சிரிக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளினான்.

"சொறிய ஆத்திட்டியா?"

"சுத்தமா ஆறிப்போச்சுங்க."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பினான். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அது ஆறுற வரைக்குந்தான் ஆளு வேணும்னான் அந்த ஜப்பான்காரன். ஆறிட்டா எங்க ரெண்டு பேரையும் லோரியில ஏத்துவேன்னு கிராணி மூலமா எங்கிட்டச் சொன்னான். ஆறாம இருக்கத்தான் காலையில சாம்பத் தண்ணி, சாயங்காலம் அவன் கண்ணு முன்னால எண்ணெ."

செல்லாயி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"உங்கிட்டச் சொன்னா பீலிக்கரை பூராவும் தெரிஞ்சிரும். ஓட்ட வாயி உனக்கு."

அதில் பொய் ஒன்றும் இல்லை. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் அவள் வாயிலிருந்து தப்பிய சேதி கிடையாது. மகனிடமும் அவன் காரணம் சொல்லவில்லை, மகன் அம்மாவிடம் சொல்லிவிடுவான் என்று. இருபது வருஷம் ஒன்றாகக் கிடந்து உண்டவன், பெற்ற பிள்ளையின் உயிரைக் காக்கிற விஷயத்தைத் தன்னை நம்பிச் சொல்லவில்லையே என்று அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் வாயைத் திறந்தாள். அவன் கண் நிலைகுத்திப்போயிருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினாள். கஞ்சி கடைவாயில் வழிந்தது.

வீரம்மா வந்து கண்ணை மூடிவிட்டாள். காலைக் கட்டினாள். சாயங்காலத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இருட்டியபிறகு நடமாடினால் சுடுவார்கள். ஆண்கள் குழி வெட்டப் போனார்கள். கோடித் துணிக்கு வழியில்லை, கிழிந்த பாய் இருந்தது. வாய்க்கரிசிக்கு மரவள்ளிக்கிழங்கைத் துருவிக்கொள்ளலாம் என்றார்கள். எண்ணெய்க்குத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்காமல் எப்படிக் குளிப்பாட்டுவது?

"பங்களாவுல ஒரு போத்தல் இருக்குல்ல? நீ கேட்டா குடுப்பாங்க, போய்ப் பாருலா" என்றாள் வீரம்மா.

செல்லாயி எழுந்தாள். அழக்கூடச் செய்யாமல் விறுவிறு என்று போகிறாளே என்று முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. எண்ணெய்க்காக அவள் போகவில்லை. போகிற வழியில் தன் அடுப்பைக் கிளறி, சாம்பலை முந்தானையில் அள்ளிக் கட்டிக்கொண்டாள்.

பங்களாவின் பின்கட்டில் யாரும் இல்லை. ஜிம்மி அவளைக் கண்டதும் உடம்பெல்லாம் ஆடியபடி ஓடி வந்தது. வாய்க்கால் ஓரம் கிடந்த அதே தகரத்தை எடுத்தாள். சாம்பலைக் கொட்டி, கெட்டியாகக் கரைத்தாள். கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தலையோடு ஊற்றினாள். நாய் சிலிர்த்ததே தவிர ஓடவில்லை. இந்தக் கை தன்னை எதுவும் செய்யாது என்று அதற்குத் தெரியும்.

தேய்த்தாள். முடிக்கு எதிர்ப்பக்கமாகத் தேய்த்தாள். எண்ணெயெல்லாம் நுரைத்துக்கொண்டு போனது. வயிற்றுப்பக்கம் நகத்தால் பறண்டினாள். "சொறிடா. ஒரே ஒரு தடவ சொறிடா சனியனே." நாய் முனகியது. முனகிக்கொண்டே அவள் மணிக்கட்டை நக்கியது. ஒரு நாளில் காய்ந்து வெடிக்கிற தோலா அது? நல்லபடியாக ஆற்றியிருந்தாள். தோல் ஒரு நாளில் கெடாது என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும். தெரிந்தும் பறண்டினாள்.

கார் வந்துவிட்டது. சத்தம் கேட்டதும் ஜிம்மி அவள் பிடியிலிருந்து நழுவி, தண்ணீரை உதறிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடியது. செல்லாயி பின்னாலேயே ஓடினாள். அதிகாரி இறங்கி நின்றான். நவமணி கிராணி குனிந்து வணங்கிக்கொண்டிருந்தார். சாம்பல் அழுக்கை எடுத்துவிட்டதில் நாய் என்றைக்கும் இல்லாத வெள்ளையாக நின்றது. அதிகாரி மண்டி போட்டு முடியை விலக்கிப் பார்த்தான். அவள் பறண்டிய இடமெல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தது.

"புதுத் தோலு" என்று கிராணி தமிழில் சொல்லிவிட்டு, அதையே அவன் பாஷையிலும் சொன்னார். அதிகாரி சிரித்தான். செல்லாயியைப் பார்த்துத் தலையாட்டினான். நல்ல மனிதன்போலச் சிரித்தான். பிறகு எழுந்து நின்று கிராணியிடம் ஏதோ பேசினான்.

கிராணி அவள் பக்கம் வந்தார். "துரைக்கு உம்மேல ரொம்ப சந்தோசம். இனிமே நாய்க்கு ஆளு வேணாமாம். நாளைக்குக் காலையில லோரி வருது, உடையப்பன் ஏறிக்கட்டும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்பன் செத்துட்டான்னு சொன்னேன். அடக்கம் பண்ணிட்டு ஏறட்டும்னு உத்தரவு வாங்கிட்டேன். இல்லன்னா இன்னிக்கே கூட்டிட்டுப் போயிருப்பாங்க."

அவள் அவர் காலைப் பிடித்தாள். நாய் மறுபடியும் சொறியும் ஐயா, பத்து நாள் பாருங்கள், கட்டாயம் சொறியும் என்றாள். கிராணி காலை உதறிக்கொண்டார். அதிகாரி என்னவென்று கேட்டான். நன்றி சொல்கிறாள் என்றோ என்னவோ அவர் சொல்லியிருக்க வேண்டும். அவன் உள்ளே போய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தான். முக்கால் போத்தல் இருந்தது. நாய்க்கு இனி வேண்டாம், உனக்குத்தான் என்று கிராணி விளக்கினார்.

அவள் போத்தலோடு வந்ததைப் பார்த்து லயமே திரண்டு வந்தது. இவ்வளவு எண்ணெயை ஒன்றாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று. செத்தாலும் பத்துமலை அதிர்ஷ்டக்காரன் என்று ஒரு கிழவர் சொன்னார்.

பத்துமலையைப் பலகையில் உட்கார்த்திப் பிடித்திருந்தார்கள். உடையப்பன் முதலில் எண்ணெய் வைத்தான். லோரி விஷயத்தை அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. பங்காளிகள் வைத்தார்கள். செல்லாயியின் முறை வந்தது. எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துச் சூடாக்கப் போனாள்.

"புறங்கையால வையி அக்கா" என்று வீரம்மா மெல்லச் சொன்னாள். "பொணத்துக்குப் புறங்கைதான்."

செல்லாயி கையைத் திருப்பிப் புறங்கையால் மூன்று தடவை வைத்தாள். எண்ணெய் அவன் நெற்றியில் இறங்கி நின்றது. அதில் ஒரு குட்டை வெள்ளை முடி மிதந்தது. அதை நகத்தால் எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

எல்லாரும் வைத்து முடித்தும் போத்தலில் பாதிக்குமேல் இருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு உடையப்பனிடம் போனாள். உட்காருடா என்றாள். அவன் புரியாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"பொணத்துக்கு வச்ச எண்ணெ. உசுரோட இருக்கிற புள்ள தலையில வைக்கலாமா?" வீரம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"நாய்க்கு வச்ச எண்ணெ" என்றாள் செல்லாயி.

வீரம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். தன் மகனை லோரியில் ஏற்றி அனுப்பியவள் அவள். ஒன்றும் கேட்காமல் கையை விட்டுவிட்டாள்.

செல்லாயியின் கை பிணத்துக்கு வைத்த வாக்கிலேயே புறங்கையாக மகன் தலைக்கு மேலே போனது. அங்கேயே நிறுத்தி, மெல்லத் திருப்பினாள். உள்ளங்கையில் எண்ணெயைச் சூடாக்கி உச்சியில் வைத்தாள். பிறகு காதுக்குப் பின்னால், பிடரியில், முடி படுத்திருக்கும் பக்கமாகவே தேய்த்தாள்.

"ஏம்மா?" என்றான் உடையப்பன்.

அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். இரண்டு வருஷமாக எண்ணெய் காணாத தலை. ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தது.