தோல் பிரேக்

ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் இன்பராஜ், தன் மலை சைக்கிளின் தேய்ந்த பிரேக் கட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஷூவுக்குப் போடும் கெட்டியான அடித்தோலை வெட்டி மாட்டியிருந்தான். தெருவில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி சொன்ன இடத்தில் நின்றது. "ரப்பர் இன்னா ரப்பர்? தோலுக்கு ஈடாவுமா?" என்று மனைவி அம்பிகாவிடம் பீற்றிக்கொண்டான்.

பங்குனிக் காலையில், அம்பிகாவை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, அணைக்கட்டுப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த மலைப்பாதையில் ஏறினான். உச்சியில் ஓர் ஓடையைத் தாண்டியதும் ஒரே இறக்கம். தண்ணீரில் ஊறிய தோல் வெண்ணெயாக வழுக்கியது. இரண்டு கையாலும் பிரேக்கை நசுக்கினான், வண்டி கேட்கவில்லை. கீழே, பாதையின் நடுவில், அம்பிகா செல்போனைத் தூக்கிப் பிடித்து நின்றிருந்தாள்.

"தள்ளிப் போ, அம்பிகா!"

அவள் சிரித்தாள். "கொஞ்சம் மெதுவா வாங்க! வீடியோல மூஞ்சியே தெரியல!"