சுத்தத் தண்ணீர் ஜாடி

என் மனைவி நான்கு மாதக் கர்ப்பிணி. ஆய்வகத்தில் அவளுக்கு மீன் குஞ்சுகளோடுதான் வேலை. பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் ஒரு ரசாயனம் ஹார்மோன் வேஷம் கட்டிக்கொண்டு உள்ளே புகுந்து, அப்போதுதான் உருவாகிற மூளைக்குத் தாறுமாறாக உத்தரவு போடுமாம். அதைக் கலந்த தொட்டியில் குஞ்சுகள் நிலைகொள்ளாமல் ஓடும். சுத்தத் தண்ணீர்த் தொட்டியில் சாதுவாக நீந்தும். லேசில் நம்புகிற ஆள் இல்லை நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைப் பிளாஸ்டிக் அத்தனையையும் மூட்டை கட்டினாள்.

“அந்த நீல ஜாடி நல்லாத்தானே இருக்கு?” என்றேன்.

“நம்ம பிள்ளையோட மூளையவிட உங்களுக்கு ஜாடி பெருசா?”

குப்பையில் போடுவதாகச் சொல்லி மூட்டையை அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “சுத்தத் தண்ணிக் குஞ்சுங்களும் பேய் பிடிச்ச மாதிரி ஓடுதுங்க. ஆராய்ச்சியே நாசமாப் போச்சு!”

மறுநாள் அவளை அழைத்துவர ஆய்வகத்துக்குப் போனேன். தொட்டியருகே, நான் எப்போதோ அடுப்பருகே வைத்துக் கருக்கிய கைப்பிடியோடு, எங்கள் நீல ஜாடி நின்றது. அதன்மேல் ‘சுத்தத் தண்ணீர்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. அந்தத் தொட்டிக்குக் கொதிக்கவைத்த தண்ணீரை அதில்தான் ஊற்றி ஆறவைக்கிறார்களாம்.

நான் ஜாடியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

“தூக்கிப் போட மனசு வரல. சிரிச்சீங்க, தொலைச்சுடுவேன்!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குஞ்சுகள் கண்ணாடியில் முட்டிமுட்டித் திரும்புவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், அவளுக்குத் தெரியாமல் அலமாரிமேல் ஒளித்துவைத்திருந்த என் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தேன். அவளிடம் கொடுக்கவில்லை, நேரே குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்தேன்.